அளவுகோல் யார் கையில்?

"திட்டம் நல்லதா, தீயதா என்று பாருங்கள், அதைத் தீட்டியவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்று ஏன் பார்க்கிறீர்கள்?" நம்மோடு வாதிட வருவோர் தவறாமல் தொடுக்கும் கணை இது. மேலிடத்தில் இருப்பவர் நல்லவர், கற்றவர், நாட்டின் நலத்தையே நாடுபவர். அத்தகையவர் பிறப்பிக்கும் உத்தரவுக்குத் தலைவணங்குவதில் என்ன தாழ்வு வந்துவிடப் போகிறது? உரிமை, உரிமை என்று ஓயாது முழங்குவதைவிட, வருகிற நன்மையை வாங்கி மடியிலே கட்டிக்கொள்வதன்றோ அறிவுடைமை? இவ்வாறு கேட்கின்றனர். மேடையில் கேட்கின்றனர், ஏடுகளில் எழுதுகின்றனர், தேநீர்க் கடை வாயிலில் நம் தோழரை மடக்கிக் கேட்கின்றனர். தோழர்களிலே சிலர் இதற்கு விடை தேடிச் சற்றுத் திகைப்பதும் உண்டு.

கொடியவன் கொடுமை செய்தான் என்று காட்டுவது எளிது. அதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. வரலாற்றின் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இரத்தக் கறை இருக்கும். ஆனால் கேள்வி அதுவன்று. நல்லவர் ஒருவர், ஒரு மக்கள் இனத்தை மனமார நேசித்தவர், அம்மக்களின் ஒப்புதலைப் பெறாமல் அவர்களுக்கு நன்மை செய்யப் புகுந்தால் என்ன நேரும் என்பதே கேள்வி. அதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் தென்மேற்கு மூலையிலே உண்டு. அந்தச் சான்றுக்குக் கால்கள் நான்கு. சிலவற்றுக்குக் கொம்புகளும் நான்கு!

ஆம், ஓர் ஆட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நவாஹோ-சுர்ரோ என்பது அந்தச் செம்மறியின் பெயர். அரசியல் கட்டுரையில் ஆட்டுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்க வேண்டா. ஏழையின் வீட்டில் அரசியல் எந்த வழியாக நுழைகிறது? சட்டமன்ற வாயில் வழியாகவா? அடுப்பு வழியாக, தறி வழியாக, தொழுவத்துப் படல் வழியாகத்தான் நுழைகிறது.

ஸ்பெயின் நாட்டிலே முன்னாளில் செம்மறிகளிலும் சாதி இருந்தது. மெரினோ என்பது மேட்டுக்குடி ஆடு. அதன் மெல்லிய கம்பளி அரசனுக்கும் பிரபுக்களுக்கும் பொன் விளையும் வயல். அந்த ஆட்டை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று நூற்றாண்டுக் கணக்கில் தடையே இருந்தது. சுர்ரா என்பது குடியானவன் ஆடு. முரட்டுக் கம்பளி, பால், இறைச்சி மூன்றும் தந்து ஏழையின் முற்றத்தில் வளர்ந்தது. 'சுர்ராவையும் மெரினோவையும் கலக்காதே' என்று ஸ்பானியர் இன்றளவும் பழமொழி சொல்வதுண்டு. புதிய உலகத்தைப் பிடிக்கப் புறப்பட்ட கூட்டத்தோடு போனது சுர்ராதான். 1598ஆம் ஆண்டில் ஓஞாத்தே என்பவர் குடியேறிகளை நடத்திக்கொண்டு நியூ மெக்சிகோவுக்குச் சென்றபோது, அந்த ஆட்டு மந்தையும் கூடவே நடந்தது.

அங்கே மணற்பாறைகளுக்கு இடையே வாழ்ந்த நவாஹோ மக்கள், தம்மைத் 'தினே' என்று அழைத்துக் கொள்பவர்கள், அந்த ஆட்டை வாணிகத்தாலும் பெற்றனர். வலிந்து கவர்ந்தும் பெற்றனர். ஸ்பானியர் அவர்கள் பிள்ளைகளைக் கவர்ந்து அடிமைகளாக்கினர். அவர்கள் ஸ்பானியர் ஆடுகளைக் கவர்ந்தனர். எது பெரிய களவு என்பதை வாசகரின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன். எப்படி வந்ததாயினும், இரண்டு நூற்றாண்டுகளில் அது வேற்று நாட்டு ஆடாக இல்லை. வறண்ட மண் அதைச் செதுக்கியது. நவாஹோப் பெண்களின் கைகள் அதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கின. தாய்வழிச் சமுதாயம் அது. ஆடுகளில் பெரும்பகுதி பெண்களுக்கு உரியவை. தறியும் பெண்களுக்கே உரியது. நெய்யும் கலையைச் சிலந்தி அன்னை கற்றுத் தந்தாள் என்பது அவர்கள் வழிவழிக் கூற்று. கடவுட்கதையை நாம் நம்ப வேண்டியதில்லை. தொழிலைக் கற்பித்தவளைப் பெண்ணாகக் கண்ட ஒரு சமுதாயத்தின் மனத்தை மட்டும் கவனித்தால் போதும்.

இனி அந்தக் கம்பளியைச் சற்று நின்று பார்ப்போம். அவசரப்பட வேண்டா, வழக்கே இந்தக் கம்பளியைப் பற்றியதுதான்.

சுர்ரோவின் மேனியிலே இரண்டு அடுக்கு உரோமம். உள்ளடுக்கு மென்மையானது, 3 முதல் 5 அங்குல நீளம், குளிருக்குக் காப்பு. அதனூடே புறப்பட்டு மேலே வழிந்து தொங்குவது நீண்ட, விறைப்பான உரோமம். 6 முதல் 12 அங்குலம் வரை நீளும். பனியையும் மழையையும் வழிய விடும் கூரை. உள்ளிழையின் பருமன் 10 முதல் 35 மைக்ரான். வெளியிழை அதற்கும் மேல். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரே ஆட்டின் மீது மென்மைக்கு ஒன்று, வன்மைக்கு ஒன்று என இரு கம்பளிகள்! இரண்டும் ஒன்றாய் முறுக்கப்படும்போது உள்ளிழை வெம்மை தருகிறது. வெளியிழை வலிமையும் ஒளியும் தருகிறது.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்றுண்டு: பிசுக்கு. செம்மறி உரோமத்தில் ஒருவகை மெழுகு ஊறும். மெரினோ வகைகளில் அது மிகுதி. புழுதியும் முள்ளும் அந்த மெழுகிலே ஒட்டி, அடர்ந்த உரோமத்துக்குள் புதைந்துவிடும். அதைக் கழுவ வெந்நீர் வேண்டும், சோப்பு வேண்டும், மறுபடியும் வெந்நீர் வேண்டும். ஆற்றங்கரை ஆலைக்கு அது பொருட்டன்று. குடிநீரையே பல கல் தொலைவிலிருந்து பீப்பாயில் வண்டியேற்றிக் கொண்டுவரும் நவாஹோ வீட்டுக்கு? சுர்ரோ உரோமத்தில் பிசுக்கு மிகக் குறைவு. உதறினால் மணல் உதிரும். கழுவத்தான் வேண்டுமென்றால், அந்தப் பாலையில் விளையும் யூக்கா என்ற செடியின் கிழங்கைத் தட்டினால் நுரை வரும். சிறிதளவு நீரில் வேலை முடியும்.

அடுத்தது சுருள். மெரினோ இழை குட்டையானது. நெருங்கிய சுருள்களை உடையது. ஆலைப் பொறிகள் அதைப் பிடித்து நயமான நூலாக்கும். மேல்நாட்டுக் கனவான்களின் மேலங்கிக்கு ஏற்றது. நவாஹோப் பெண்ணிடம் பொறி இல்லை. நெடிய கதிர் ஒன்றைத் தொடைமீது உருட்டி நூற்பவள் அவள். சுருள் குறைந்த, நீண்ட, வழவழப்பான சுர்ரோ இழை அவள் விரல்களுக்கிடையே தானாக இழுபட்டு வரும். மெரினோ இழை முடிச்சு முடிச்சாக நிற்கும். நம் நெசவாளத் தோழர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. பாவு நூல் நைந்தால் தறியின் முன் அமர்ந்திருப்பவள் படும் பாடு அவர்கள் அறியாததா? ஒரு கம்பளத்தின் பாவு அத்தனை மாதமும் இழுபட்டு நிற்க வேண்டும். ஊடையைச் சீப்பால் அடித்து அடித்து இறுக்க வேண்டும். அப்படி இறுக்கி நெய்த போர்வைகள் நீரையும் எளிதில் புகவிடா. 19ஆம் நூற்றாண்டில் சமவெளிப் பழங்குடிகளின் தலைவர்கள் அவற்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். வெண்மை, கருமை, சாம்பல், பழுப்பு என ஆடே வண்ணத்தையும் தந்தது. சாயப் பட்டறை தேடி ஓட வேண்டியதில்லை.

தறியின் அளவுகோலால் அளந்தால் சுர்ரோவுக்கு நிகர் இல்லை. ஆனால் உலகில் வேறோர் அளவுகோலும் இருந்தது. அது பாஸ்டன் நகரத்துக் கம்பளிச் சந்தையின் அளவுகோல். இழை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விலை. உடல் எவ்வளவு பெரியதோ அவ்வளவு இறைச்சி. இந்தக் கோலால் அளந்தபோது சுர்ரோ குட்டையன், முரடன், கழிவு! ஒரே ஆடு; இரண்டு கோல்கள். எந்தக் கோல் எவர் கையில் இருந்தது என்பதிலேதான் ஒரு மக்களின் தலையெழுத்து அடங்கியிருந்தது.

முதலில் வந்தது கொடியவனின் கோல். அதை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1863ஆம் ஆண்டில் படைத்தலைவன் கார்ல்ட்டன் ஆணையிட, கிட் கார்சன் படை நடத்திச் சென்றான். சண்டை சிறிது, எரிப்பு பெரிது. சோளக் கொல்லைகளை எரித்தனர், கிடைகளைக் கொன்றனர், கேன்யன் டி ஷேய் பள்ளத்தாக்கிலே பீச் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்தினர். பட்டினியால் பணிந்த மக்களை ஏறத்தாழ 300 கல் தொலைவு நடத்திச் சென்று, போஸ்கே ரெடோண்டோ என்னுமிடத்தில் அடைத்தனர். 8,000 பேருக்கு மேல் அங்கே கிடந்தனர். உவர் நீர்; புழு அரித்த பயிர்; நோய்; சாவு. நான்காண்டுக்குப் பிறகு அரசே சலித்துப் போயிற்று. 1868 ஜூன் 1ஆம் நாள் உடன்படிக்கை எழுதப்பட்டது. கிழக்கே வேறு நிலம் தருகிறோம் என்று தளபதி ஷெர்மன் சொன்னபோது, பார்போன்சீட்டோ என்ற நவாஹோத் தலைவர் மறுத்தார், எங்கள் மண்ணுக்கே திரும்புவோம் என்றார், திரும்பினர்.

அந்த உடன்படிக்கையின் 12ஆம் விதியைப் பாருங்கள்: 15,000 செம்மறிகளும் வெள்ளாடுகளும் வாங்கித் தரப்படும்; செலவு 30,000 டாலருக்கு மேற்படலாகாது. தலைக்கு இரண்டு டாலர்! கொன்றது எத்தனையோ, கொடுத்தது இத்தனை. இந்த இரண்டு டாலர் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கப்பட்டவையும் எட்டாத பள்ளத்தாக்குகளில் ஒளித்துக் காக்கப்பட்டவையும் சேர்ந்து பெருகின. 1930 வாக்கில் செம்மறி மட்டுமே 5 லட்சத்துக்கு மேல். எந்த வங்கியும் கடன் தரவில்லை. எந்த ஐந்தாண்டுத் திட்டமும் தீட்டப்படவில்லை. இரண்டு தலைமுறை உழைப்பு! இதற்குள் இன்னொரு வேலையும் நடந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அரசு முகவர்கள் ராம்பூயே கிடாக்களைக் கொண்டுவந்து நவாஹோக் கிடைகளில் விட்டனர். ராம்பூயே எது? 1786இல் பிரெஞ்சு அரசன் பதினாறாம் லூயி ஸ்பெயினிலிருந்து வரவழைத்த மெரினோவின் வாரிசு. குடியானவன் ஆட்டை அரசன் ஆட்டோடு கலந்தனர். பழமொழி எச்சரித்ததையே செய்தனர். உடல் பெருத்தது, இழை மென்மையானது, பிசுக்கும் சுருளும் கூடவே வந்து சேர்ந்தன. பாஸ்டன் மகிழ்ந்தது. தறியில் நூல் முடிச்சிட்டது.

இனித்தான் நம் வழக்கின் நல்லவர் வருகிறார்.

ஜான் காலியர் என்பது அவர் பெயர். அவரைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. 1920களில், செவ்விந்தியர் நிலத்தைப் பறிக்க வந்த மசோதாவை எதிர்த்து நாடெங்கும் குரல் எழுப்பியவர். அவர்களின் ஆடலையும் வழிபாட்டையும் தடை செய்ய அதிகாரிகள் முனைந்தபோது குறுக்கே நின்றவர். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொலைதூர விடுதிகளில் அடைத்துத் தாய்மொழியை மறக்கடித்த பள்ளிமுறையைக் கண்டித்தவர். 1933இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவரையே செவ்விந்தியர் விவகார ஆணையராக்கினார். 1945 வரை அப்பதவியில் இருந்தார். பழங்குடிகளுக்குத் தன்னாட்சி என்பதே அவர் கொள்கை. இவரைவிட நல்லவர் அந்த நாற்காலிக்கு அதுவரை வந்ததில்லை என்று சொன்னால் மிகையாகாது.

அந்த நல்லவரின் மேசைக்கு நிபுணர்களின் அறிக்கை வந்தது. கொலராடோ ஆற்றின் குறுக்கே 1931 முதல் மாபெரும் அணை எழும்பிக்கொண்டிருந்தது. போல்டர் அணை என்றார்கள். இன்றைய ஹூவர் அணை. நவாஹோ நிலத்தில் மண் அரிக்கிறது; அரித்த மண் ஆற்றில் விழுகிறது; ஆற்று வண்டல் அணையைத் தூர்க்கும். காரணம் ஆடு. ஆகவே ஆட்டைக் குறை!

மண் அரித்தது உண்மை. மேய்ச்சல் நிலம் நலிந்திருந்ததும் உண்மை. இதை மறைத்து வாதாடுவது நமக்கு அழகன்று. ஆனால் ஏன் நலிந்தது? மக்கள் பெருகினர், பழைய நிலத்தின் நல்ல பகுதிகளிலே வெள்ளையரின் மாட்டுப் பண்ணைகள் வந்து குந்திக்கொண்டன, வறட்சியும் சேர்ந்தது. நோய்க்கு மூன்று காரணம் இருக்க, வாயில்லாத காரணம் ஒன்றையே பிடித்துக் கட்டினர். தெற்குக் கலிபோர்னியாவின் நகரங்களும் தோட்டங்களும் அந்த அணையின் நீருக்கும் மின்சாரத்துக்கும் காத்திருந்தன. அங்கே விளக்கெரிய இங்கே அடுப்பு அணைய வேண்டும் என்பதை அறிக்கை அப்படியே எழுதவில்லை. அறிக்கைகள் அப்படி எழுதப்படுவதில்லை.

காலியர் நவாஹோச் சபையைக் கூட்டினார். இந்தச் சபை பிறந்த கதையும் கேட்கத் தக்கது. 1923இல் அமைக்கப்பட்டது, எண்ணெய்க் கம்பெனிகளின் குத்தகைக்கு ஒப்புதல் தர ஒரு சபை தேவைப்பட்டதால் அமைக்கப்பட்டது! அதில் இருந்தவர் ஆடவர். ஆடுகளோ பெரும்பாலும் பெண்டிருடையவை. "வீட்டிலே கேட்டு வருகிறோம்" என்று உறுப்பினர்கள் தயங்கினார்கள். காலியர் ஓர் உறுதிமொழியை முன்வைத்தார்: ஆட்டைக் குறையுங்கள், உங்கள் நில எல்லையை விரிவாக்கச் சட்டம் கொண்டுவருகிறோம். சபை இசைந்தது. ஆடு போயிற்று. நிலம்? அரிசோனாப் பகுதிக்கான சட்டம் 1934இல் நிறைவேறியது. நியூ மெக்சிகோப் பகுதிக்கான மசோதா செனட் சபையிலே முடக்கப்பட்டது; கடைசிவரை நிறைவேறவேயில்லை. காலியர் ஏமாற்ற எண்ணினார் என்று நான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தது ஓரிடம். அதை நிறைவேற்றும் அதிகாரம் வேறோரிடம். அவர் வாக்கை நம்பி ஆட்டை இழந்தவளுக்கு இந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல்?

1933இல் முதல் தவணை: ஒரு லட்சம் செம்மறி. விலை, தலைக்கு ஒரு டாலர் முதல் ஒன்றரை டாலர். 1868இல் இரண்டு டாலர் என்று பார்த்தோமே. 65 ஆண்டு கழித்து, அன்பரின் ஆட்சியில், அதுவும் குறைந்தது! எல்லோரும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும் என்பது விதி. சமத்துவம்தானே என்று தோன்றும். ஆயிரம் ஆடு வைத்திருப்பவன் கிழடு கட்டைகளைத் தள்ளிவிட்டுத் தப்பினான். ஐம்பது வைத்திருப்பவள் ஈனும் ஆட்டை இழந்தாள். ஏற்றத்தாழ்வு நிறைந்த இடத்தில் ஒரே விகிதம் என்பது எவ்வளவு நேர்த்தியான அநீதி!

1934இல் இரண்டாம் தவணை. இப்போது குறி, வெள்ளாடு: ஒன்றரை லட்சம். வெள்ளாடு பயனற்றது, நிலத்தைக் கெடுப்பது என்றது அலுவலகம். ஏழைப் பெண்ணின் குழந்தைக்குப் பால் எது, பஞ்சத்தில் இறைச்சி எது என்று அலுவலகம் கேட்கவில்லை. வாங்கிய ஆடுகளை ரயிலடிக்கு ஓட்டிச் செல்லத் தொலைவு மிகுதி, பாதை இல்லை, செலவு கட்டாது. ஆகவே ஓட்டிச் செல்லவில்லை. ஆயிரக்கணக்கில் அங்கேயே, பள்ளத்தாக்குகளிலேயே சுட்டுத் தள்ளினர், அழுக விட்டனர். பசித்திருந்த ஊரின் கண்ணெதிரே இறைச்சி அழுகிற்று. இழந்தவர்களின் வாய்மொழிகளைத் திரட்டி 1974இல் நவாஹோ மக்களின் சொந்தக் கல்லூரியே நூலாக வெளியிட்டது. தலைப்பிலேயே அதை ஒரு தேசிய அவமானம் என்று குறித்தது. கார்சன் காலத்து நெடுநடைக்கு அடுத்த பெருந்துயரமாக அம்மக்கள் இதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள்: பகைவன் கார்சனுக்குப் பக்கத்திலே நண்பர் காலியரின் பெயர்!

பிறகு 1937 முதல் நிலத்தைப் பதினெட்டு மேய்ச்சல் வட்டங்களாகக் கூறு போட்டனர். 'செம்மறி அலகு' என்று ஒரு கணக்கு வந்தது. ஒரு செம்மறி ஓர் அலகு. ஒரு மாடு நான்கு. ஒரு குதிரை ஐந்து. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை அலகுதான் என்று அனுமதிச் சீட்டு. சீட்டு பெரும்பாலும் 'குடும்பத் தலைவர்' பெயரில், அதாவது ஆடவர் பெயரில் எழுதப்பட்டது. தாய்வழிச் சொத்து ஒரு பேனா முனையில் தந்தை வழிக்கு மாறத் தொடங்கிற்று. கார்சனின் படைக்கு இது தோன்றவும் இல்லை. சீர்திருத்தத்துக்குத்தான் தோன்றிற்று. 1940களின் நடுவே மொத்த மந்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

இந்த நாடகத்தில் ஒரு காட்சியை எண்ணும்போதெல்லாம் சிரிப்பதா, சினப்பதா என்று எனக்கு விளங்குவதில்லை. ஆடுகளை வாங்கியும் சுட்டும் தீர்த்துக்கொண்டிருந்த அதே 1930களில், அதே அரசு, நியூ மெக்சிகோவின் போர்ட் விங்கேட் என்னுமிடத்தில் செம்மறி ஆய்வுக்கூடம் ஒன்றைத் திறந்தது. ஆய்வுப் பொருள் யாது? நவாஹோத் தறிக்கு ஏற்ற கம்பளி எது என்பது! வெள்ளை அங்கி அணிந்த விஞ்ஞானிகள் இழையை அளந்தனர், பிசுக்கை நிறுத்தனர், சுருளை எண்ணினர், நவாஹோ நெசவாளரிடமே நூற்கவும் நெய்யவும் கொடுத்துப் பார்த்தனர். முடிவு? பிசுக்குக் குறைந்த, சுருள் குறைந்த, நீண்ட இழையுடைய பழைய நவாஹோ ஆட்டின் கம்பளியே கைநெசவுக்குச் சிறந்தது. எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் ஒரு குவளைக் காப்பிச் செலவில் இந்த உண்மை கிடைத்திருக்கும். நுண்ணோக்கியில் கண்ட பிறகாவது திருந்தினரா? பழைய ஆட்டை அப்படியே பெருக்கி மக்களிடம் கொடுப்பதற்கு மாறாக, அயல் இனங்களோடு கலந்து புதிய ஆடொன்றைப் படைக்கும் முயற்சியில் ஆண்டுகளைக் கழித்தனர். 1960களில் கூடம் மூடப்பட்டது.

"இதெல்லாம் அறியாமையால் நேர்ந்த பிழை, நல்ல நிபுணர் இருந்திருந்தால் நேர்ந்திராது" என்பார் நம் எதிர்வாதி. ஆய்வுக்கூடமே அவருக்கு விடை கூறிவிட்டது. அறிவு அரசின் கையிலேயே இருந்தது, அச்சேறியும் இருந்தது. எந்த ஆட்டை வைப்பது, எதைக் கொல்வது என்று தீர்மானிக்கும் இடத்தில் தறிக்காரி இல்லை, அவ்வளவுதான். அவள் இல்லாத இடத்தில், ஆய்வின் உண்மையும் அலமாரியில் தூங்கிற்று.

"குறைக்காவிட்டால் நிலமே பாழாகியிருக்குமே" என்பார் அடுத்து. குறைத்த பிறகு நிலம் பிழைத்ததா? மந்தை பாதியாகியும் அலுவலகம் வாக்களித்த பசுமை திரும்பவில்லை. ஆட்டுக்காரர்களோடு அமர்ந்து, எந்தக் காலத்தில் எந்த மேட்டுக்கு ஓட்டுவது, எங்கே கிணறு வெட்டுவது, எந்தக் குதிரையை முதலில் விடுவது என்று பேசியிருந்தால் குறைப்பும் நடந்திருக்கும், கூட்டுறவும் வளர்ந்திருக்கும். துப்பாக்கியோடு வந்த திட்டத்துக்குப் பிறகு, மேய்ச்சலைப் பற்றி அரசு எதைச் சொன்னாலும் அது பகைவன் சொல்லாகவே கேட்டது. ஒரு நல்ல யோசனையைத் தலைமுறைக் கணக்கில் கெடுப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

அம்மக்கள் வாளாவிருந்தார்களா? காலியர் தம் வாழ்நாள் கனவாகத் தீட்டிய சட்டம் 1934இல் நிறைவேறியது. பழங்குடிகள் தம்மைத் தாமே ஆள வழிவகுப்பது. ஏற்பதா, தள்ளுவதா என்று ஒவ்வொரு குடியும் வாக்களிக்கலாம். 1935 ஜூனில் நவாஹோ மக்கள் வாக்களித்தார்கள். சுமார் 500 வாக்கு வேறுபாட்டில் தள்ளினார்கள்! தன்னாட்சி தரும் சட்டத்தையே தள்ளினார்கள். பேதைமை என்று தலைநகர் ஏடுகள் எண்ணியிருக்கலாம். ஆட்டைச் சுட்டவர் நீட்டுகிற சாசனத்தை எந்தக் குடியானவள் நம்புவாள்? தம்மைக் கேளாமல் நடந்ததற்கெல்லாம், கேட்ட ஒரே இடத்தில் அவர்கள் பதில் சொன்னார்கள்.

கிடை இழந்த குடும்பங்களின் ஆடவர் கூலிக்குப் போயினர். ரயில் பாதை போட்டனர். அயலார் தோட்டங்களில் அறுவடை செய்தனர். 1944 முதல் 1986 வரை நவாஹோ மண்ணிலே யுரேனியம் தோண்டப்பட்டது. அந்தச் சுரங்கங்களில் இறங்கி, தூசியைச் சுவாசித்து, நுரையீரல் புற்றுநோயில் மாண்டோர் பலர். மூடாது விடப்பட்ட சுரங்கங்கள் இன்றும் நூற்றுக்கணக்கில் அங்கே கிடக்கின்றன. ஆட்டுக் கதை எங்கே போய் முடிகிறது என்று வியக்க வேண்டா. தன் பிழைப்புக்குத் தானே எசமானனாக இருந்தவனை, எவன் கூப்பிட்டாலும் போக வேண்டியவனாக ஆக்கினால், அவன் போகுமிடம் அவன் தேர்ந்ததாக இராது.

1970களில் பழைய வகை ஆடுகள் 500கூட எஞ்சவில்லை. அவையும் எப்படி எஞ்சின? அதிகாரி எட்டாத பள்ளத்தாக்குகளிலே, உத்தரவை மதியாத கிழவர்களும் கிழவிகளும் காத்து வைத்ததால் எஞ்சின. சட்டம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. அந்தக் குற்றம் இல்லையேல் இன்று காட்டுவதற்கு ஒரு குட்டிகூட இல்லை.

1977இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லைல் மெக்நீல் என்ற கால்நடை அறிவியலாளர், எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்து இனம் பெருக்கும் பணியைத் தொடங்கினார். அவரும் வெள்ளையர், அவரும் நிபுணர், அவரும் நல்லெண்ணம் கொண்டவர். காலியருக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், மெக்நீல் தறியின் அளவுகோலை ஏற்றுக்கொண்டார் என்பேன். பெருக்கிய ஆடுகளை நவாஹோ மேய்ப்பர்களிடமும் நெசவாளர்களிடமும் திருப்பிக் கொடுத்தார். உத்தரவிட அவரிடம் நாற்காலி இல்லை என்பதும் ஒரு வசதிதான். 1986இல் இந்த இனத்துக்கென்று சங்கம் அமைந்தது. 1991இல் நவாஹோ மக்களே 'தினே பெ இனா' என்ற அமைப்பைக் கண்டனர். தினே மக்களின் வாழ்நெறி என்று அதற்குப் பொருள். இன்று சுர்ரோக்கள் சில ஆயிரம் இருக்கின்றன. கம்பளிச் சந்தையின் கோல் இன்றும் அவற்றைக் கழிவென்றே தள்ளுகிறது. கையால் நூற்போரும் நெய்வோரும் தேடி வந்து வாங்குகின்றனர்.

ஆடு திரும்பிவிட்டது. சீட்டு? நவாஹோ நிலத்தில் ஒரு பேத்தி தன் பாட்டியின் கிடையைப் பெருக்க எண்ணினால், இன்றும் அவளுக்கு மேய்ச்சல் அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கான விதிகள் வாஷிங்டனின் கூட்டாட்சி விதித் தொகுப்பில் இருக்கின்றன. செவ்விந்தியர் விவகாரப் பணியகம் அவற்றைக் காத்து நிற்கிறது. விதியில் இன்றும் அதே கணக்கு: ஒரு மாடு நான்கு செம்மறி, ஒரு குதிரை ஐந்து.